கவச வாகனத்துக்குள் போகும் பெட்டிக்கு ஸ்பெக் எழுதுவது எப்படி?

கேள்வி இதுதான். கோவையில் தொழிற்சாலைகளுக்கு பவர் சப்ளை, கன்ட்ரோலர் செய்துவரும் ஒரு சிறு நிறுவனத்துக்கு, ராணுவக் கவச வாகனத்தில் பொருத்தும் டிசி-டிசி கன்வர்ட்டர் (ஒரு டிசி மின்னழுத்தத்தை இன்னொன்றாக மாற்றும் பெட்டி) ஒன்றைச் செய்யும் வாய்ப்பு வந்திருக்கிறது. வாங்கும் தரப்பு கொடுத்தது ஒன்றரைப் பக்கத் தேவைப் பட்டியல். அதன் கடைசி வரியில், ‘ஜேஎஸ்எஸ் 55555, மில்-ஸ்டாண்டர்டு 810, மில்-ஸ்டாண்டர்டு 461 ஆகியவற்றுக்கு ஏற்ப இருக்க வேண்டும்’ என்று இருக்கிறது. முதலாவது நம் முப்படைகளின் சூழல் சோதனை ஆவணம், மற்ற இரண்டும் அமெரிக்க ராணுவ நியமங்கள். இதை வைத்து முழு டெக்னிக்கல் ஸ்பெசிஃபிகேஷன் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று அந்த நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர் கேட்கிறார்.

அந்தக் கடைசி வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். பார்க்க கனமான வரி. ஆனால் அதில் தேவை என்று எதுவுமே சொல்லப்படவில்லை.

மில்-ஸ்டாண்டர்டு 810 அமெரிக்க ராணுவத்தின் சூழல் சோதனை நியமம். 1962-இல் முதலில் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2019 ஜனவரியில் வந்த ‘ஹெச்’ பதிப்பு. அதில் 500 என்ற எண்ணில் தொடங்கி 528 வரை சோதனை முறைகள் இருக்கின்றன. குறைந்த காற்றழுத்தம், வெப்பம், குளிர், மழை, ஈரப்பதம், பூஞ்சை, உப்பு மூட்டம், மணலும் தூசியும், அதிர்வு, மோதல் என்று போகும். ஒவ்வொரு முறைக்குள்ளும் பல நடைமுறைகள், ஒவ்வொரு நடைமுறைக்கும் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டிய அளவுகள். எந்தப் பொருளுக்கு எது பொருந்தும் என்று அந்த ஆவணம் தீர்ப்புச் சொல்வதில்லை. பொருள் எங்கே, எப்படிப் பயன்படப்போகிறது என்று பார்த்துச் சோதனைகளைத் தேர்ந்தெடுத்து அளவுகளைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் அதன் முதல் பகுதி முழுவதும் வலியுறுத்துகிறது. டெய்லரிங் என்று சொல்வார்கள். ஆகவே ‘810-க்கு ஏற்ப’ என்று மட்டும் எழுதினால், எந்தச் சோதனை, எவ்வளவு நேரம், எந்த அளவில் என்ற கேள்விகள் எல்லாம் திறந்தே கிடக்கின்றன. கடைகளில் ‘மிலிட்டரி கிரேடு’ என்று விற்கும் செல்போன்களின் பெட்டியிலும் இதே எண்தான் அச்சாகியிருக்கிறது. எந்த முறை, எந்த நடைமுறை என்று சொல்லாதவரை அந்த எண்ணுக்கு அங்கேயும் மதிப்பு இல்லை, உங்கள் ஆவணத்திலும் இல்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான்: நியமத்தைத் திறப்பதற்கு முன்னால், உங்கள் பெட்டி வாழப்போகும் வாழ்க்கையை எழுதுங்கள். நியமத்தில் எது வேண்டும், எந்த அளவில் வேண்டும் என்பது அதிலிருந்துதான் வரும்.

810-இல் இதற்கே ஓர் ஆவணம் உண்டு, வாழ்நாள் சூழல் விவரம். உங்கள் தொழிற்சாலைக் கதவைத் தாண்டும் நாளிலிருந்து கழித்துப் போடும் நாள்வரை அந்தப் பெட்டி எங்கெல்லாம் போகும், என்னென்ன படும் என்று வரிசையாக எழுதுவது. கோவையிலிருந்து லாரியில் ஆவடிக்கு. அங்கே கிடங்கில் சில மாதங்கள். வாகனத்தில் பொருத்தியபின் ரயிலில் ராஜஸ்தானுக்கு. மே மாதத்து வெயிலில், இன்ஜின் நின்றிருக்க, எல்லா மூடிகளையும் அடைத்து நிறுத்திய வாகனத்துக்குள் பகல் முழுவதும். அப்புறம் திடீரென்று இன்ஜினைக் கிளப்பி ஓட்டம். இன்னொரு படைப்பிரிவுக்குப் போனால் லடாக்கில் பனிக்காலத்து இரவு, காலையில் அந்தக் குளிரிலேயே ஸ்டார்ட். இந்த ஒவ்வொரு கட்டத்திலும் பெட்டி அணைந்திருக்கிறதா, இயங்குகிறதா, பேக்கிங்குக்குள் இருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். சேமிப்பு வெப்பநிலை வேறு, இயங்கும் வெப்பநிலை வேறு.

இதை எழுத உட்கார்ந்தால், வாங்குபவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் தாமாகவே வந்துவிடும். பெட்டி ஹல்லில் (வாகனத்தின் உடலில்) இருக்குமா, டரட்டிலா (மேலே சுழலும் பீரங்கிக் கூண்டில்)? டரட் என்றால் மின்சாரம் ஸ்லிப் ரிங் (சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கடத்தும் வளையம்) வழியாக வருகிறதா? எந்தச் சுவரில் போல்ட் போடுகிறோம், அந்தச் சுவருக்கு மறுபக்கம் என்ன? பக்கத்தில் ரேடியோ இருக்கிறதா? டி-90 டாங்க் போன்ற வாகனம் ஸ்நார்க்கெல் (நீருக்கு மேல் நீளும் காற்றுக் குழாய்) பொருத்தி ஆற்றைக் கடக்கும்போது இந்த அறைக்குள் தண்ணீர் வருமா, வராதா? வராது என்றால் முழுகு சோதனைக்கு அவசியமே இல்லை; தளத்தில் தேங்கும் நீரும் மேலிருந்து சொட்டும் நீரும்தான் கவலை. இப்படி ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் ஒரு சோதனை குறையலாம், அல்லது நீங்கள் நினைத்தே பார்க்காத ஒன்று சேரலாம். இரண்டுமே லாபம்தான். இந்தக் கேள்விகளைக் கேட்டால் நமக்கு விஷயம் தெரியாது என்று நினைத்துக்கொள்வார்களோ என்று சிறு நிறுவனத்தார் பலர் தயங்குகிறார்கள். தயங்கவே வேண்டாம். பயனாளர் தரப்பில் இருக்கும் நல்ல பொறியாளர் இந்தக் கேள்விகளுக்காகத்தான் காத்திருப்பார்.

இனி எண்கள். வெப்பத்தை எடுத்துக்கொள்வோம். 810-இன் மூன்றாம் பகுதி உலகத்தைத் தட்பவெப்ப வகைகளாகப் பிரிக்கிறது. ‘ஏ1’ என்ற வெப்ப வறட்சி வகையில் வெளிக்காற்று ஒரு நாளில் 32-லிருந்து 49 டிகிரி செல்சியஸ் வரை போய்வரும். ஆனால் வெயிலில் மூடிக் கிடக்கும் இடத்துக்குள் அது 71 டிகிரிவரை ஏறும் என்று வைத்திருக்கிறார்கள். குளிர்ப் பக்கத்தில் ‘சி2’ வகை மைனஸ் 37-லிருந்து மைனஸ் 46 வரை. தார்ப் பாலைவனத்துக்கும் லடாக்குக்கும் ஒரே பெட்டி என்றால் இந்த இரண்டு முனைகளும் உங்கள் ஆவணத்தில் வந்தாக வேண்டும்.

ஆனால் ‘இயங்கும் வெப்பநிலை மைனஸ் 40 முதல் பிளஸ் 55’ என்று எழுதினால் முடிந்ததா? முடியவில்லை. 55 டிகிரி என்பது எதன் வெப்பநிலை? பெட்டியைச் சுற்றியுள்ள காற்றினுடையதா, அது உட்கார்ந்திருக்கும் உலோகத் தட்டினுடையதா? உங்கள் கன்வர்ட்டர் தன் சூட்டை அடித்தட்டு வழியாகக் கடத்துகிறது என்றால் தட்டின் வெப்பநிலைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். முழு லோடிலா, பாதி லோடிலா? எத்தனை மணி நேரம்? குளிரில் ஸ்விட்ச் போட்டதும் முழு வெளியீடு உடனே வர வேண்டுமா, சில நிமிடம் சூடாக நேரம் தரலாமா? காற்று மெலிந்த உயரத்தில் சூடு வெளியேறுவதும் குறையும் என்பதால், உயரமும் வெப்பமும் சேர்ந்து வரும் நிலை உண்டா? இத்தனையும் சேர்ந்தால்தான் அது ஒரு தேவை. ‘55 டிகிரி சுற்றுக்காற்றில், காற்றோட்டம் இல்லாமல், 60 டிகிரியில் இருக்கும் அடித்தட்டின் மேல், முழு லோடில், தொடர்ந்து 8 மணி நேரம், வெளியீட்டு மின்னழுத்தம் குறிப்பிட்ட வரம்புக்குள் நிற்க வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள். இப்போது டிசைனருக்கும் தெரியும், சோதனைக்கூடத்துக்கும் தெரியும், பின்னால் சண்டை வந்தால் நடுவருக்கும் தெரியும்.

உங்கள் பொருளுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான நியமம் அந்த ஒன்றரைப் பக்கத்தில் இல்லவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது மில்-ஸ்டாண்டர்டு 1275. ராணுவ வாகனங்களின் 28 வோல்ட் டிசி மின்சாரம் எப்படியெல்லாம் நடந்துகொள்ளும் என்று சொல்லும் ஆவணம். தொழிற்சாலையில் நமக்குப் பழகிய 24 வோல்ட் லைன் ஓரளவு சாதுவானது. டாங்கில் அப்படி இல்லை. பெரிய லோடு ஒன்றைச் சட்டென்று துண்டித்தால் லைன் 100 வோல்ட்வரை எழும்பி, சில பத்து மில்லி செகண்டுகள் அங்கேயே நிற்கும். ஸ்விட்ச் தட்டும்போது 250 வோல்ட்வரை கூர்மையான ஸ்பைக் வரும். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் கணத்தில் மின்னழுத்தம் பள்ளத்தில் விழும்.

எவ்வளவு பள்ளம் என்பதில்தான் பதிப்பின் அருமை தெரியும். 2006-இன் ‘டி’ பதிப்பில் அந்த முதல் கணத்து வீழ்ச்சி 6 வோல்ட்வரை போகலாம். 2013-இன் ‘இ’ பதிப்பில் 12 வோல்ட். உள்ளீடு 6 வோல்ட்டுக்கு இறங்கினாலும் வெளியீடு அறுந்துபோகாத கன்வர்ட்டரும், 12 வோல்ட்வரை தாங்கும் கன்வர்ட்டரும் இரண்டு வேறு டிசைன்கள். ஸ்விட்ச்சிங் டிரான்சிஸ்டரின் அளவு, இண்டக்டரின் கனம், பெட்டியின் எடை எல்லாமே மாறும். ஒரே ஓர் எழுத்தில் இவ்வளவு அடங்கியிருக்கிறது. அதனால் ‘மில்-ஸ்டாண்டர்டு 1275-இன்படி’ என்றோ ‘அண்மைப் பதிப்பின்படி’ என்றோ எழுதாதீர்கள். எந்தப் பதிப்பு என்று எழுத்தோடு, மாற்றக் குறிப்பு ஏதும் இருந்தால் அதன் எண்ணோடு எழுதுங்கள். ‘அண்மை’ என்பது ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு மாறிவிடக்கூடிய ஒன்று.

அதோடு, அந்தக் கணத்தில் பெட்டி என்ன செய்ய வேண்டும் என்பதையும் நீங்கள்தான் முடிவு செய்து எழுத வேண்டும். ஸ்டார்ட்டர் இழுக்கும்போது வெளியீடு விடாமல் தொடர வேண்டுமா, அணைந்துவிட்டுத் தானாக மீண்டு வந்தால் போதுமா, இல்லை சேதமாகாமல் இருந்தாலே போதுமா? ரேடியோவுக்கு மின்சாரம் தரும் பெட்டி என்றால் முதலாவது. உள்விளக்குக்கு என்றால் இரண்டாவது போதும். எதற்கென்று கேட்காமலேயே எல்லாவற்றுக்கும் முதலாவதை எழுதி, விலையை இரட்டிப்பாக்கிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மின்காந்த இடையூறுக்கு வருவோம். மில்-ஸ்டாண்டர்டு 461-இன் ‘ஜி’ பதிப்பு 2015 டிசம்பரில் வந்தது. இதில் உள்ள சோதனைகளுக்கு இரண்டெழுத்தும் எண்ணும் சேர்ந்த பெயர்கள்: சிஇ என்றால் கம்பி வழியே வெளியேறுவது, ஆர்இ காற்று வழியே வெளியேறுவது, சிஎஸ், ஆர்எஸ் என்பவை வெளியிலிருந்து வருவதைத் தாங்குவது. எந்தத் தளத்துக்கு எது பொருந்தும் என்று அந்த ஆவணத்திலேயே ஓர் அட்டவணை இருக்கிறது. மேலே திட்டியதற்கு மாறாக, இங்கே நியமமே நமக்குப் பாதி வேலையைச் செய்து தருகிறது. நீர்மூழ்கிக்குக் கேட்கப்படும் சிஇ101 தரைப்படை வாகனத்துக்குக் கேட்கப்படுவதில்லை. உங்கள் கன்வர்ட்டருக்கு முக்கியமாக சிஇ102, சிஎஸ்101, சிஎஸ்114, சிஎஸ்115, சிஎஸ்116, சிஎஸ்118, ஆர்இ102, ஆர்எஸ்103 என்று வரும். இவற்றைப் பெயர் பெயராக, எந்த வரைகோடு, எந்த அலைவரிசை எல்லை என்பதோடு எழுதுங்கள். சிஎஸ்118 என்பது உடலிலிருந்து பாயும் நிலைமின் அதிர்ச்சி. நேரடித் தொடுகையில் 8 கிலோவோல்ட், காற்றிடைவெளியில் 15 கிலோவோல்ட். இதுவும், மின்னலால் கம்பிகளில் எழும் அதிர்ச்சிக்கான சிஎஸ்117-உம் ‘ஜி’ பதிப்பில்தான் புதிதாக வந்தவை. பழைய ‘எஃப்’ பதிப்பை மேற்கோள் காட்டும் டெண்டரில் அவை வரமாட்டா.

ஸ்விட்ச்சிங் கன்வர்ட்டர் செய்கிறவர்களைத் தவறாமல் தடுக்கி விழவைப்பது சிஇ102-உம் ஆர்இ102-உம். முதலாவது 10 கிலோஹெர்ட்ஸிலிருந்து 10 மெகாஹெர்ட்ஸ்வரை. உங்கள் ஸ்விட்ச்சிங் அதிர்வெண்ணும் அதன் மடங்குகளும் நேராக அதற்குள்தான் விழுகின்றன. தொழிற்சாலைப் பொருளுக்கான வரம்புகளைத் தாண்டிய அதே ஃபில்டர் இதிலும் தாண்டிவிடும் என்று நம்பிவிடக் கூடாது. வரம்பும் வேறு, அளக்கும் முறையும் வேறு. ஸ்பெக்கில் இதற்காக நீங்கள் செய்யக்கூடியது கேபிளை உறுதிப்படுத்துவது. சோதனையில் கேபிள்கள் தரைத்தகட்டிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்தில், 2 மீட்டர் நீளம் ஆன்டெனாவுக்குத் தெரியும்படி போடப்படும். அந்தக் கேபிள் ஷீல்டு (உலோக உறை) உள்ளதா, ஷீல்டு இரண்டு முனையிலும் சுற்றுமுழுக்கப் பிணைக்கப்பட்டதா என்பதைப் பொறுத்தே முடிவு மாறும். வாகனத்தில் ஷீல்டு இல்லாத கம்பியைப் போட்டுவிட்டு சோதனைக்கூடத்தில் மட்டும் ஷீல்டு போட்டுத் தேறுவது யாருக்கும் பயனில்லாத தேர்ச்சி. ‘சோதனைக் கேபிள் வாகனத்தின் கேபிளைப் போன்றே இருக்க வேண்டும், அதன் வரைபட எண் இது’ என்று ஒரு வரி எழுதுங்கள்.

சரி, ஆவணத்தின் உருவம். இதற்கும் ஒரு நியமம் உண்டு: மில்-ஸ்டாண்டர்டு 961. ஆறு பிரிவுகள்: எல்லை, மேற்கோள் ஆவணங்கள், தேவைகள், சரிபார்ப்பு, பேக்கிங், குறிப்புகள். இந்தியாவில் பல அமைப்புகள் தங்களுக்கென்று வேறு வடிவம் வைத்திருக்கும்; வாங்குபவர் ஒரு வடிவம் தந்தால் அதையே பின்பற்றுங்கள். தராவிட்டால் இந்த ஆறைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். இதில் உயிர் இருப்பது மூன்றாவதிலும் நான்காவதிலும்தான். மூன்றில் எழுதும் ஒவ்வொரு தேவைக்கும் நான்கில் ஒரு சரிபார்ப்பு இருக்க வேண்டும். சரிபார்க்க நான்கு வழிகள்: கண்ணால் பார்ப்பது, கணக்கிட்டுக் காட்டுவது, இயக்கிக் காட்டுவது, கருவி வைத்து அளந்து சோதிப்பது. ஒரு பக்கம் தேவைகளின் பத்தி எண், மறுபக்கம் சரிபார்க்கும் வழியும் அதன் பத்தி எண்ணும் என்று ஓர் அட்டவணை போட்டுவிடுங்கள்.

இந்த அட்டவணையைக் கடைசியில் சேர்க்கும் இணைப்பு என்று நினைக்காதீர்கள். முதல் நாளிலேயே திறந்து வைத்துக்கொண்டு, ஒரு தேவையை எழுதியதும் எதிர்க் கட்டத்தையும் நிரப்புங்கள். நிரப்ப முடியாமல் விரல் நின்றால் தேவை சரியாக எழுதப்படவில்லை என்று அர்த்தம். ‘எளிதில் பராமரிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்’ என்ற வரிக்கு எதிரே என்ன எழுதுவீர்கள்? ஒன்றும் எழுத முடியாது. அதையே, ‘குளிர்காலக் கையுறை அணிந்த ஒருவர், வாகனத்தோடு வரும் கருவிகளை மட்டும் கொண்டு, 15 நிமிடத்துக்குள் பெட்டியைக் கழற்றி மாற்ற முடிய வேண்டும்’ என்று மாற்றினால் ‘இயக்கிக் காட்டுவது’ என்று தயக்கமில்லாமல் எழுதலாம். உறுதியான, போதுமான, உயர்தரமான, இயன்றவரை என்ற அடைமொழிகள் எல்லாம் இந்த அட்டவணையின் முன் நிற்க முடியாது. ஆங்கிலத்தில் எழுதும்போது கட்டாயத் தேவைக்கு ‘ஷல்’ மட்டுமே. ‘ஷுட்’ என்று எழுதினால் அது விருப்பம்தான், யாரையும் கட்டுப்படுத்தாது. ஒரு வாக்கியத்தில் ஒரு தேவை. ‘மற்றும்’ போட்டு இரண்டைச் சேர்த்தால் ஒன்று தேறி மற்றது தோற்கும்போது என்ன செய்வீர்கள்?

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது: எப்படிச் செய்ய வேண்டும் என்பதை ஸ்பெக்கில் எழுதிவிடுவது. ‘3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, இன்ன எண் ஐசி’ என்று எழுதிவிட்டால் நாளைக்கு அந்த ஐசி சந்தையில் நின்றுபோகும்போது ஆவணத்தையே திருத்த வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லி, எப்படி என்பதை டிசைனருக்கு விடுவதுதான் செயல்திறன் ஸ்பெக். அமெரிக்காவிலேயே 1994 ஜூனில் அப்போதைய பாதுகாப்புச் செயலர் வில்லியம் பெர்ரி இதற்காக ஓர் ஆணை போட்டார். அதுவரை சின்னச் சின்ன விவரத்தையும் கட்டளையாக எழுதிக் குவித்திருந்ததால் விலை ஏறி, வெளிச்சந்தையில் நல்ல பொருள் இருந்தும் வாங்க முடியாத நிலை. அதன்பின் செயல்திறன் ஸ்பெக்குக்கே முதலிடம் என்று மாற்றினார்கள். பல பழைய நியமங்கள் ரத்தாகின. விதிவிலக்கு, இன்னொரு பொருளோடு சேர வேண்டிய இடங்கள். கனெக்டர் எது, எந்த ஷெல் அளவு, எந்தப் பின்னில் எந்த சிக்னல், போல்ட் துளைகள் எங்கே என்பவற்றை மில்லிமீட்டர் பிசகாமல் எழுதித்தான் ஆக வேண்டும். மில்-டிடிஎல்-38999 கனெக்டர் போடுகிறீர்கள் என்றால் சீரிஸ், பூச்சு, கீயிங் (தவறான இணை சேராமல் தடுக்கும் பள்ள அமைப்பு) வரை.

ரத்தான நியமங்களைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய டெண்டரிலிருந்து இன்னொன்றுக்கு வெட்டி ஒட்டும் பழக்கத்தால், இறந்துபோன எண்கள் இன்னும் உலவிக்கொண்டிருக்கின்றன. கோளாறு விளைவுப் பகுப்பாய்வுக்கான மில்-ஸ்டாண்டர்டு 1629ஏ 1998-லேயே ரத்தாகிவிட்டது, இன்றும் கேட்கிறார்கள். முறையாக நல்ல ஆவணம்தான், பயன்படுத்தலாம். ஆனால் ரத்தானது என்று தெரிந்தே பயன்படுத்த வேண்டும். போர்டுக்கு மேல் பூசும் கன்ஃபார்மல் கோட்டிங்குக்கான மில்-ஐ-46058சி புதிய டிசைன்களுக்கு மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன, இப்போது ஐபிசி-சிசி-830. அமெரிக்க ராணுவத்தின் ‘அசிஸ்ட்’ தரவுத்தளத்தில் பெரும்பாலான நியமங்களை இலவசமாகவே பார்க்கலாம், எது நடப்பில் உள்ளது என்பதும் தெரியும். இரண்டாம் பிரிவில் நீங்கள் பட்டியலிடும் ஒவ்வொரு எண்ணையும் அங்கே போய்ப் பாருங்கள். அப்புறம், பட்டியலில் இருக்கும் ஒவ்வோர் ஆவணமும் தேவைகளிலோ சரிபார்ப்பிலோ எங்காவது பேசப்பட்டிருக்க வேண்டும். பேசப்படாததை எடுத்துவிடுங்கள். ஆவணங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டால் எது மேலோங்கும் என்ற வரிசையும் வேண்டும்.

அந்த முரண்பாடு உங்களுக்கு உடனே வரப்போகிறது. ஜேஎஸ்எஸ் 55555-உம் 810-உம் ஒரே வரியில் கேட்கப்பட்டிருக்கின்றனவே. ஜேஎஸ்எஸ் என்பது நம் நாட்டு முப்படைகளுக்குமான பொது விவரக்குறிப்பு. பாதுகாப்பு அமைச்சகத்தின் நியமமாக்கல் இயக்குநரகம் வெளியிடுவது. 55555 என்பது மின், மின்னணுக் கருவிகளுக்கான சூழல் சோதனை முறைகள்; 2012-இல் மூன்றாவது திருத்தம் வந்தது, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பைக் கேட்கும் டெண்டர்களும் உண்டு. இதில் கருவி எங்கே பயன்படும் என்பதைப் பொறுத்து வகைகள் பிரித்து, வகைக்கேற்ற கடுமையைச் சொல்லியிருப்பார்கள். 810 உங்களையே யோசிக்கச் சொல்கிறது. ஜேஎஸ்எஸ் ஓரளவு முடிவெடுத்துத் தருகிறது. ஜேஎஸ்எஸ்ஸில் பம்ப் சோதனை என்று தனியாக ஒன்று உண்டு, மேடுபள்ளச் சாலையில் போவதைப்போல அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப மோதல் கொடுப்பது. 810-இல் அந்தப் பெயரில் ஒரு முறை கிடையாது. இரண்டையும் முழுதாகச் செய்தால் ஒரே வெப்பச் சோதனையை இரண்டு விதமாக இரண்டு முறை செய்து, பணமும் மாதங்களும் போகும். ஒவ்வொரு சூழலுக்கும் எந்த ஆவணம் என்று தேர்ந்தெடுத்து வாங்குபவரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். என் பழக்கம், பொதுவாக ஜேஎஸ்எஸ்ஸை அடிப்படையாக வைத்து, அதிர்வுக்கு மட்டும் 810-க்குப் போவது.

ஏன் அதிர்வுக்கு மட்டும்? தடச்சங்கிலியில் ஓடும் வாகனத்தின் அதிர்வு தனி ரகம். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் பல்சக்கரத்தில் விழும்போது வேகத்துக்கேற்ப மாறும் குறுகிய அலைவரிசைகள், பொதுவான இரைச்சல் அதிர்வின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். 810-இன் முறை 514 இதைத் தரைவாகன வகையில் தனியாகப் பேசுகிறது. முடிந்தால் அந்த வாகனத்தில் அந்த இடத்திலேயே அளந்த தரவைக் கேட்டு வாங்குங்கள்; அதைவிட நல்ல ஆதாரம் வேறில்லை. தரவு இல்லாதபோது பலர் அதே முறையில் உள்ள ‘மினிமம் இன்டெக்ரிட்டி’ வரைகோட்டை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அது எந்த வாகனத்தின் அதிர்வும் அல்ல. கையாளும்போது உடையாத அளவுக்குப் பெட்டி திடமா என்று பார்க்கும் பொதுச் சோதனை. அதில் தேறினால் டாங்கில் நிற்கும் என்று பொருள் இல்லை. பெட்டியின் எடைக்கு மிஞ்சிய கடுமையாகவும் அது போய்விடலாம்.

சோதனைகளின் வரிசையையும் எழுத மறக்காதீர்கள். ஒரே மாதிரிப் பெட்டியை எல்லாச் சோதனைகளுக்கும் அனுப்பப்போகிறீர்களா, இரண்டு மூன்றாகப் பிரிக்கிறீர்களா? பூஞ்சைச் சோதனைக்குக் குறைந்தது 28 நாள் ஆகும். அதை உப்பு மூட்டச் சோதனை முடிந்த பெட்டியில் செய்தால் படிந்த உப்பு பூஞ்சையை வளரவிடாது, தூசிச் சோதனை முடிந்த பெட்டியில் செய்தால் தூசியே அதற்கு உணவாகிவிடும். இரண்டுமே பொய் முடிவு. பெட்டி முழுவதையும் உள்ளே வைக்காமல், பயன்படுத்திய பொருள்களின் மாதிரித் துண்டுகளையும் முன்பே பெற்ற சான்றுகளையும் காட்டி ஒப்புதல் கேட்கலாம். அந்த வாய்ப்பையும் ஸ்பெக்கிலேயே எழுதி வையுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் முன்பு, இடையில், பின்பு என்ன அளப்பது, எது தேர்ச்சி, எது தோல்வி என்பதும் வேண்டும். அதிர்வின்போது வெளியீடு ஒரு மில்லி செகண்ட் அறுந்து திரும்ப வந்தால் அது தோல்வியா? இதை அதிர்வு மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு விவாதிக்கக் கூடாது.

தகுதிச் சோதனை வேறு, ஏற்புச் சோதனை வேறு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதலாவது டிசைனை நிரூபிக்க ஒருமுறை; இரண்டாவது வெளியே போகும் ஒவ்வொரு பெட்டிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இஎஸ்எஸ் (சூழல் அழுத்த வடிகட்டல்) என்று ஒன்று உண்டு. மோசமான சால்டர், தளர்ந்த பாகம் போன்ற தயாரிப்புக் குறைகளைத் தொழிற்சாலையிலேயே வெளிக்கொண்டுவர, ஒவ்வொரு பெட்டியையும் வெப்பச் சுழற்சிக்கும் சீரற்ற அதிர்வுக்கும் உட்படுத்துவது. பலர் கண்ணை மூடிக்கொண்டு போடும் அதிர்வு வரைகோடு, 1979-இல் அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட ஒரு கையேட்டிலிருந்து வந்தது: 80-லிருந்து 350 ஹெர்ட்ஸ்வரை ஒரு ஹெர்ட்ஸுக்கு 0.04 ஜி வர்க்கம், முழு வரைகோட்டுக்கும் சேர்த்துச் சுமார் 6 ஜி. நல்ல தொடக்கப்புள்ளிதான். உங்கள் பெட்டிக்கு அது பாதுகாப்பானதா என்று முதல் மாதிரியில் பார்த்துவிட்டு எண்ணை எழுதுங்கள். இஎஸ்எஸ்ஸிலேயே பெட்டியின் ஆயுளைத் தின்றுவிட்டு ராணுவத்துக்கு அனுப்பக் கூடாது.

நம்பகத்தன்மையைப் பற்றிச் சுருக்கமாக. ‘எம்டிபிஎஃப் (இரு கோளாறுகளுக்கு இடையிலான சராசரி நேரம்) இத்தனை ஆயிரம் மணி’ என்று ஓர் எண் கேட்பார்கள். எந்தச் சூழலில், எந்த வெப்பநிலையில், எந்தக் கையேட்டின்படி என்று சேர்க்காவிட்டால் அந்த எண் வெற்று. மில்-ஹெச்டிபிகே-217எஃப் கையேட்டில் தரையில் அசையாமல் இருக்கும் சாதகமான சூழலும் ஓடும் வாகனச் சூழலும் தனித்தனி. ஒரே சர்க்யூட்டுக்கு ஒன்றில் வரும் எண் மற்றதைவிடப் பல மடங்கு கூடுதலாக இருக்கும். அந்தக் கையேடு 1995-க்குப் பிறகு புதுப்பிக்கப்படவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க உதவும், வருங்காலத்தைச் சொல்லாது.

ஒப்புதல் எப்படிப் போகும்? தரைப்படைப் பொருளுக்குப் பெரும்பாலும் டிஜிக்யூஏ (பாதுகாப்பு அமைச்சகத்தின் தர உறுதி அமைப்பு) தரப்பில் பார்ப்பார்கள். விமானத்தில் ஏறும் பொருள் என்றால் ராணுவ விமானங்களின் பறக்கும் தகுதிக்குச் சான்று தரும் பெங்களூருவின் செமிலாக்கும், விமானப் பொருள்களின் தரத்தைப் பார்க்கும் டிஜிஏக்யூஏவும் வரும், கதை முற்றிலும் வேறு. ஸ்பெக்கிலிருந்து தகுதிச் சோதனைத் திட்டம் எழுதி, அது கையெழுத்தான பிறகே சோதனையைத் தொடங்க வேண்டும். ஒப்புதலுக்கு முன் செய்த சோதனையை அவர்கள் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. எந்தக் கூடம், யார் நேரில் பார்ப்பது என்பதும் அதில் இருக்கும். மின்காந்தச் சோதனைக்குச் சென்னையில் சமீர் என்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனத்தின் மையம் இருக்கிறது. கோவையும் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஒன்று என்பதால், கோவை சிறுதொழில் சங்கமான கொடிசியாவின் பாதுகாப்புப் புத்தாக்க மையத்தில் விசாரித்தால் அருகில் என்ன வசதி கிடைக்கும் என்று தெரியும்.

வரைவு ஒன்று தயாரானதும் வாங்குபவருக்கு அனுப்பும் முன், அதைச் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பொறியாளரிடம் கொடுத்து, ‘இதை மட்டும் வைத்துக்கொண்டு எனக்குக் கொட்டேஷன் போட்டுத் தர முடியுமா’ என்று கேளுங்கள். அவர் திரும்பக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் உங்கள் ஆவணத்தில் விடுபட்ட ஒரு வரி. அவற்றை நிரப்பி, பதிப்பு எண்ணும் தேதியும் போட்டு, எந்தத் தேவைக்கு முழுதாக இணங்குகிறோம், எதற்குப் பகுதியாக, எதற்கு இயலாது என்ற இணக்கப் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள். இயலாததை இப்போதே இயலாது என்று எழுதி, உங்களால் தர முடிந்த அளவைப் பக்கத்தில் குறிப்பிடுங்கள்; ஒப்பந்தத்துக்கு முன் அதைப் பேசித் தீர்த்துக்கொள்ள இடமிருக்கிறது, கையெழுத்துக்குப் பின் அதே விஷயம் விலக்கு கேட்டு அலையும் கோப்பாகிவிடும். அந்த இணக்கப் பட்டியலில் 1275-இன் பதிப்பு எழுத்து என்ன என்ற கேள்வியையும் முதல் வரியாக வைத்து, அவர்கள் பதிலை வாங்கிக்கொண்ட பிறகு சர்க்யூட்டில் கை வையுங்கள்.